மாமியாருக்கு எலி மருந்து

அடியே என் உயிரே,

எங்கள் தெருவில் என்ன பேச்சு தெரியுமா? நான் மாமியாருக்கு எலி மருந்து கொடுக்கிறேனாம்! சிரிக்காதே, முழுசாய்க் கேளு.

அத்தைக்கு மைட்ரல் வால்வை எடுத்து மெட்டல் வால்வு வைத்தது உனக்குத் தெரியும். அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் எவ்வளவு தாமதமாய் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே நிற்கணும், நின்றது. போன மாசம் பேதி கண்டதும் நாத்தனார் ஓடிப்போய் மெடிக்கலில் மெட்ரோனிடசோல் வாங்கிக் கொடுத்துவிட்டாள். ஐந்தாம் நாள் பல் தேய்த்தால் வாயெல்லாம் ரத்தம், தொடையில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றல். ஐ.என்.ஆர். 6.8! அசிட்ரோமை உடம்பு கழிக்கவிடாமல் இந்த மாத்திரை தடுத்துவிடுமாம். டாக்டர் இரண்டு நாள் அசிட்ரோமை நிறுத்தினார். "விட்டமின் கே ஊசி போடுங்க" என்று நாத்தனார் குதித்தாள். அளவு மீறினால் ரத்தம் கெட்டிப்பட்டு வால்வே அடைத்துக்கொள்ளும் என்று அவள் வாயை அடைத்தார்.

அதோடு போயிருக்கலாம். என் பையன் போனில் படித்துவிட்டு, "பாட்டி, உன் மாத்திரையோட அண்ணன் வார்ஃபரின். 1948-ல எலி மருந்தா வித்தாங்க" என்றான். உண்மைதான், ஆனால் அத்தையிடமா சொல்வது? சுண்ணாம்பு தேடி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன், உள்ளே எட்டு நாள் மாத்திரை! ஐ.என்.ஆர். 1.3. 6.8-க்குப் பதறாத டாக்டர் இதற்குப் பதறினார். உடனே எக்கோ, அளவு ஏறும்வரை ஹெப்பாரின் ஊசி. வால்வில் கட்டி இல்லை, பிழைத்தோம்.

பக்கத்து வீட்டு மாமா சும்மா இருப்பாரா? தனக்கு அபிக்சபான், டெஸ்டே வேண்டாம், அதற்கு மாற்றுங்கள் என்றார். அவருக்கு இருப்பது வெறும் துடிப்புக் கோளாறு. மெட்டல் வால்வுக்காரர்களிடம் அதே வகையான டாபிகாட்ரானைச் சோதித்தபோது ரத்தக்கட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது. சோதனையையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் அத்தையை மடக்கியது நான்தான்டி. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்குக் கொடுத்ததும் அந்த எலி மருந்துதான் என்றேன். இப்போது தெருவெல்லாம் 'ஜனாதிபதி மாத்திரை' புராணம். சாயங்காலம் ஏழு மணிக்கு அத்தையே கேட்டு வாங்கிப் போடுகிறார், நான் நோட்டில் குறிக்கிறேன். விட்டமின் கே உள்ள முருங்கைக்கீரைக்கும் தடையில்லை, வாராவாரம் ஒரே அளவாய் இருந்தால் போதுமாம்.

நாத்தனார்தான் முகம் கொடுப்பதில்லை. நோட்டு அட்டையில், 'டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் எதுவும் வாங்காதே' என்று சிவப்பு மையில் எழுதினேன். தன்னைத்தான் சொல்கிறேனாம்.

வேறு யாரைச் சொல்வேன்?

உன் தோழி