பனையேறியின் க்ளோசப்

கண்ணாடித் தொட்டியில் நீந்துகிற மீனைப் படம் எடுக்கப் போகிறவனுக்கு முதலில் கிடைப்பது தன் வயிற்றின் படம்தான். சாரமும், சாரத்துக்கு மேல் தொப்பையும், தொப்பைக்கு நடுவில் எங்கோ ஒரு மீனும். பின்சுவரில் தொங்கும் காலண்டர் முருகன்கூட மீனைவிடத் தெளிவாக விழுந்திருப்பார். வடசேரியில் இருக்கும் என் தங்கை மகனுக்கு மீன்தொட்டிப் பைத்தியம், அதைவிடக் கேமராப் பைத்தியம். "மாமா, மொதல்ல ரூம் லைட்ட அணைக்கணும்" என்றான் அவன். வெளிச்சம் போதாது, இன்னும் போதாது என்று சொல்லிச் சொல்லியே நம் ஸ்டூடியோக்காரர்கள் நம்மைக் கண்கூச வைத்து வளர்த்தவர்கள். எனவே இந்த யோசனை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அறை இருட்டாகி, தொட்டிக்கு மேலே உள்ள விளக்கு மட்டும் எரிந்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிரதிபலிப்பதற்கு ஒன்றுமில்லை. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, சுற்றிலும் கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டால் இன்னும் உத்தமம். நேராக ஒட்ட வேண்டும். சாய்த்துப் பிடித்தால், தண்ணீரையும் கண்ணாடியையும் காற்றையும் கடந்து வரும் ஒளி ஒவ்வோர் எல்லையிலும் வளைந்து, மீனின் ஓரங்களில் இல்லாத நிறத்தையெல்லாம் தீற்றிவிடும். நேராகப் பிடித்தாலும் தண்ணீர் ஒரு பொய் சொல்லத்தான் செய்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் 20 சென்டிமீட்டரில் நிற்கிற மீன் 15 சென்டிமீட்டரில் நிற்பதாகத் தெரியும். லென்ஸும் அந்தப் பொய்யை நம்பித்தான் ஃபோகஸ் செய்கிறது. எல்லாரும் ஒரே பொய்யை நம்பினால் காரியம் கெடுவதில்லை.

செல்போன்காரர்களுக்கு வேறு தொல்லை. படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். ஷட்டரை 1/100 நொடிக்கு வைத்தால் பட்டை அடங்கும், மீன் அடங்காது. அதற்குக் கொஞ்சம் நல்ல விளக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபிளாஷ் விஷயம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வெள்ளிநிற மீனுக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் மீன் வெள்ளைத் தாளாக வெளிறிவிடுகிறது. அதன் செதிலிலும் தோலிலும் அடுக்கடுக்காக இருப்பவை குவானைன் என்ற பொருளின் படிகங்கள், ஒவ்வொன்றும் குட்டிக் கண்ணாடி. ஆற்றிலும் கடலிலும் வெளிச்சம் மேலிருந்துதான் வரும். அப்போது இந்தக் கண்ணாடிகள் சுற்றியுள்ள தண்ணீரின் ஒளியையே திருப்பிக் காட்டுவதால், பக்கத்திலிருந்து பார்க்கிற எதிரிக்கு அங்கே ஒரு மீன் இருப்பதே தெரியாது. மீன் ஒளிந்துகொள்வதற்கு வைத்திருக்கிற பொருள்தான் நாம் மினுக்கம் என்று ரசிக்கிற பொருள். மருமகன் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தொட்டியின் மேல் கவிழ்த்து வைக்கிறான். சூரியன் இருக்க வேண்டிய இடம் அதுதானே.

இத்தனை ஞானமும் உள்ளவன் பெரிய தொட்டியில் வளர்ப்பது ஃபிளவர்ஹார்ன். வாஸ்து மீனாம். 1990களில் மலேசியாவில் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம். நெற்றியில் கொழுக்கட்டையை ஒட்டிவைத்ததுபோல் ஒரு புடைப்பு. பக்கத்தில் இன்னொரு மீன் இருப்பதைப் பொறுக்காது என்பதால் தனியே வாழ்கிறது. வீட்டுக்குச் செல்வம் கொண்டுவரும் என்கிறார்கள். கடைக்காரர் வீட்டுக்கு நிச்சயம் வந்திருக்கும்.

நான் அவனை மன்னிப்பது சின்னத் தொட்டிக்காக. அதில் செல்லக்காசு வளர்க்கிறான். மணக்குடிக் காயலில் பிடிபடுகிற கரிமீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. விரல் நீளம், மஞ்சள் மேனி, விலாவில் ஒரு கறுப்புப் புள்ளி. தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சுகளைக் காவல் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் வாய் வைத்து, தோலில் சுரக்கும் வழுவழுப்பைக் கொறித்துத் தின்னும். வெறும் கண்ணுக்கு இது ஏதோ மொய்ப்பதாகத்தான் தெரியும். அவன் எடுத்த ஒரு படத்தில், ஊசிமுனைக் குஞ்சின் வாய் தாயின் விலாவில் பதிந்திருப்பது துல்லியமாகத் தெரிகிறது. அத்தனை கிட்டத்தில் கூர்மையாக விழுகிற ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மீனைத் துரத்தி ஃபோகஸ் செய்ய முடியாது. தொட்டியின் ஃபில்டரை நிறுத்தி, தூசி அடங்கியபின் ஓரிடத்தில் ஃபோகஸை வைத்துவிட்டு, மீன் அங்கே வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கண் கூர்மையாக விழுந்தால் போதும், வால் கலங்கினாலும் மன்னிக்கலாம் என்பது அவன் கட்சி.

மற்ற எல்லாம் இருட்டில் போய்விடும். அதுதான் க்ளோசப்பின் அழகு என்கிறான். எனக்கு அந்தக் கறுப்பைப் பார்த்ததும் பிரான்சிஸ் டே ஞாபகம் வந்தது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில் மீன்கள் வெள்ளைத் தாளில் பக்கவாட்டில் மிதக்கும். செதிலை எண்ணலாம், துடுப்பின் முள்ளை எண்ணலாம். தண்ணீர் இருக்காது, பாசி இருக்காது, எந்தக் குளத்து ஓரம் என்பது படத்தில் இருக்காது. அடையாளம் காண அது போதும். மீனின் கதைக்குப் போதாது.

மீன் எங்கே இருந்தது என்பதையே கதையாக்கிய ஒருவர், டேக்கு முன்னால், தரங்கம்பாடியில் இருந்தார். டேனிஷ்காரர்களின் படையில் லெப்டினன்ட், பெயர் டால்டார்ஃப். 1791 நவம்பரில் ஒரு குளக்கரைப் பனைமரத்தில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில், ஈரம் வழிகிற பிளவில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். விரிந்த செவுள்மூடியின் முள்ளால் மரத்தைக் கவ்விக்கொண்டு, வாலை வளைத்து, அடித்துடுப்பை ஊன்றி, உடம்பை மேலே உந்தியது. பிடிபடும்போதும் இன்னும் மேலே போகத்தான் முயன்றதாம். அவர் எழுதிய குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போயிற்று. 1797இல் அச்சில் வந்தது. அன்றிலிருந்து சண்டை. பனையேறிக் கெண்டை என்று பெயர் பெற்ற அந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு, ஈரத் தரையில் ஊர்ந்து போகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மரம்தான் வழக்கு. காக்கையோ பருந்தோ தூக்கிப்போய்ப் பனையில் போட்டதைத்தான் ஜனங்கள் பார்த்திருப்பார்கள் என்று பின்னால் வந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். பறவை போட்ட மீன் மேல்நோக்கி ஏன் உந்தியது என்று டால்டார்ஃப் கேட்டிருப்பார், உயிரோடு இருந்திருந்தால்.

அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் பனையேறிப் பிழைத்த பெரியவர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏறட்டும். ஏறி என்ன செய்ய, அக்கானியா எறக்கப் போவுது?" என்றார். பதநீரைத்தான் அக்கானி என்பார்கள். லின்னேயன் சங்கத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சின்ன வயதில் ஐப்பசி மழையில், கும்பப்பூ வயல் வரப்பைத் தாண்டி அந்த மீன் ஊர்ந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். துவர்த்தைப் போட்டுப் பிடித்தால் செவுள் முள் துணியில் மாட்டிக்கொள்ளும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. துணியை அப்படிக் கவ்வுகிற முள் பனைச் சிராம்பைக் கவ்வாதா என்று தோன்றுகிறது. நான் டால்டார்ஃப் கட்சி.

ஆகவே நாஞ்சில் நாட்டில் கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். செல்லக்காசின் கண்ணை எவ்வளவு கிட்டத்தில் வேண்டுமானாலும் எடுங்கள். ரூம் லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். ஆனால் மழைக்காலத்தில் பனையில் ஒரு பனையேறியைக் கண்டால் தயவுசெய்து மேக்ரோ லென்ஸ் போடாதீர்கள். நாலடி பின்னால் நகர்ந்து, மரமும் தண்ணீரும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். மேலே காக்கை இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.