ஆற்றங்கரை விருந்து

தட்டு என் முன்னால் வந்துவிட்டது. பொடியாகக் கொத்திய மீன். அதில் எலுமிச்சைச் சாறு, மிளகாய்ப் பொடி, சின்ன வெங்காயம், வறுத்து இடித்த அரிசி மாவு, மேலே புதினா இலை. வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்பையே பார்க்காத பச்சை மீன்.

இடம், தாய்லாந்தின் வடகிழக்கே கோன் கேன் நகருக்குப் பக்கத்தில், சி ஆற்றங்கரையில் ஒரு கிராமம். அங்கே வேலை பார்க்கும் நண்பரைப் பார்க்கப் போனவன், அவருக்குத் தெரிந்த கிழவர் ஒருவர் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதார்த்தத்துக்குக் 'கோய் பிளா' என்று பெயர். வயல் வேலை முடிந்து நாலு பேர் கூடினால் அந்தச் சீமையில் இதுதான் சோற்றுக்குத் துணை.

எனக்குக் கை எழவில்லை. பள்ளிக்கூடத்து விலங்கியல் நோட்டில் கல்லீரல் தட்டைப்புழுவை வரைந்து சபாஷ் வாங்கியவன் நான். அது ஆட்டு ஈரலில் வாழ்வது. இந்த ஊர்ப் புழு அதற்குப் பங்காளி முறை. மனித மலத்தோடு இதன் முட்டை தண்ணீருக்குப் போகிறது. சிறு நத்தை ஒன்று அதை விழுங்குகிறது. நத்தைக்குள் பெருகி வெளியே நீந்தி வரும் குஞ்சுகள், கெண்டை இன மீன்களின் சதையில் கண்ணுக்குத் தெரியாத கூட்டுக்குள் காத்திருக்கின்றன. அந்த மீனைப் பச்சையாகத் தின்பவரின் பித்தக் குழாயில் குடியேறினால், பத்து வருஷத்துக்கு மேல்கூட வாடகை இல்லாமல் காலம் தள்ளும். முழு வளர்ச்சி அடைந்தாலும் அரை அங்குலம் இராது. எலுமிச்சைச் சாறு அதைக் கொல்லாது, நெருப்புத்தான் கொல்லும்.

வலித்தால் மனிதன் விழித்துக்கொள்வான். பெரும்பாலோருக்கு வலிப்பதே இல்லை. வருஷக்கணக்கில் குழாய் புண்ணாகித் தடித்து, சிலருக்குப் புற்றுநோயில் போய் முடிகிறது. புற்றுநோய்க்கு இந்தப் புழு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-ல் முடிவு கட்டியது. பித்தக் குழாய்ப் புற்றுநோய் உலகத்திலேயே மிகுந்த இடம் இந்தப் பிரதேசம்தான். 1980-81-ல் கணக்கெடுத்தபோது வடகிழக்குத் தாய்லாந்தில் மூவரில் ஒருவர் உடம்பில் புழு இருந்தது. 2009-ல் ஆறு பேரில் ஒருவர். குறைந்தது, ஒழியவில்லை.

மருந்து இல்லாமல் அல்ல. பிராசிகுவான்டெல் என்ற மாத்திரையை ஒரு நாள் விழுங்கினால் போதும். நண்பரின் மூலம் கிழவரைக் கேட்டேன். "மூன்று தடவை போட்டுக்கொண்டேனே!" என்று சிரித்தார். மாத்திரையில் புழு போய்விடும். அடுத்த வாரம் மைத்துனன் வீட்டில் கல்யாணம் வரும். தட்டு வரும். வேண்டாம் என்றால் மைத்துனன் முகம் வாடிவிடும். வேக வைத்தாலோ ருசி போய்விடும். என்ன செய்வது?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தங்கையின் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் காவிரிக் கரையில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது ஊரே காலையில் படுகைக்குத்தான் ஒதுங்கும். செருப்பு என்பது டவுனுக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிற சாமான். எட்டு வயதில் தங்கை வெளுத்துப் போனாள். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். சுவர்க் காரையைச் சுரண்டித் தின்பாள். அம்மா அதற்கு அடிப்பாள். நான் அவளுக்குச் 'சோம்பேறி ராணி' என்று பட்டம் சூட்டினேன். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே கூப்பிட்டார்கள். அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் திண்ணைத் தூணில் சாய்ந்துகிடப்பாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். மலத்தைச் சோதித்ததில் கொக்கிப்புழு தெரிந்தது. ஈர மண்ணிலிருந்து வெறும் காலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கிற புழு. சோம்பல் அவள் குணத்தில் இல்லை, குடலில் இருந்தது! மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார்கள். முகத்தில் களை வந்தது. ஒரு வருஷத்தில் மறுபடியும் வெளுத்தாள். படுகை அங்கேயேதானே இருந்தது?

இரண்டாம் தடவை டாக்டர் சீட்டு எழுதுமுன், "வீட்டிலே கக்கூஸ் இருக்கா?" என்று கேட்டார். அப்பா தலை குனிந்தார். வீட்டில் பேச்சு எடுத்ததும் அப்பாயி குதித்தாள். "விளக்கேத்துற வீட்டுல நரகலைக் கட்டி வைக்கிறதாடா?" ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. அப்பா சண்டை போடவில்லை. கொல்லைக் கோடியில் மாமரத்துக்கு அப்பால் கட்டினார். "ராத்திரியிலே முட்டிவலியோட படுகைக்குப் போவியாம்மா? உனக்காகத்தான்" என்றார். அப்பாயிதான் அதை முதலில் உபயோகித்தவள். தங்கைக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்தது. அப்புறம் அவள் வெளுக்கவில்லை.

2015 முதல் நம் நாட்டில் பிப்ரவரி 10-ம் தேதி பள்ளிக்கூடங்களில் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனாலும் புழு வருகிற வழியை வீட்டு மனிதர்கள்தாம் அடைக்க வேண்டும். அந்த வழியிலோ ஒரு மைத்துனனின் அன்பும் ஒரு பாட்டியின் ஆசாரமும் அல்லவா காவல் நிற்கின்றன! அதட்டினால் அவை நகருமா?

ஆற்றங்கரை விருந்துக்கு வருகிறேன். 'வயிறு சரியில்லை' என்று ஒரு பொய் சொன்னேன். கிழவரின் மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேசாமல் என் தட்டை எடுத்துப் போய், சட்டியில் கொட்டி வேக வைத்துக் கொண்டுவந்தாள். பிறகு கிழவரின் தட்டிலும் கை வைத்தாள். விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விடலாமா என்று அவள் கேட்டதாக நண்பர் சொன்னார். கிழவர் முணுமுணுத்தார். ஆனால் சாப்பிட்டார். மடியில் இருந்த பேரனும் அதிலேயே கை போட்டான்.

ஊர் திரும்பியதும் தங்கைக்குப் போன் செய்தேன். அந்தப் பழைய பட்டத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"எந்தப் பட்டம் அண்ணே?" என்றாள்.

அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரியும்.