உங்க ஊர்த் தண்ணி பேர் என்ன?

காலேஜ் முதல் நாள். பக்கத்து சீட்டில் இருக்கிறவர் சிநேகமாகச் சிரித்து, "எந்த ஊர்?" என்று கேட்கிறார். நீங்க நிஜமான ஊர் பேரைச் சொன்னீங்களா? இல்லை, பக்கத்துல இருக்கிற பெரிய ஊர் பேரைச் சொல்லிச் சமாளிச்சீங்களா? நெஞ்சில் கை வெச்சுச் சொல்லுங்க பாஸ்!

நான் சமாளிச்ச கேஸ்தான். அதுவும் கடல் தாண்டிப் போய்ச் சமாளிச்ச கேஸ்.

பிலிப்பைன்ஸின் தெற்கே இருக்கிற பெரிய தீவு, மிண்டனாவோ. அங்கே டாவோ நகரத்தில்தான் நான் மருத்துவம் படித்தேன். நம்ம ஊர்ப் பசங்க நிறையப் பேர் டாக்டருக்குப் படிக்கப் போகிற ஊர் அது. யார் கேட்டாலும் "சென்னை... ஓ.எம்.ஆர்." என்று ஸ்டைலாகச் சொல்வேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பின்னால், காற்று திரும்பினால் குப்பைமேட்டுப் புகை வீட்டுக்குள் வரும் தெரு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஸ்கூல்ல "குப்பைமேடு"ன்னு பட்டப்பேர் வாங்கினவளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

என் ரூம்மேட் அந்த நாட்டுப் பெண். நர்ஸிங் படித்தாள். "நான் புத்துவான் சிட்டி" என்றுதான் சொல்லியிருந்தாள். ரெண்டு வருஷம் ஒரே ரூம், ஒரே ரைஸ் குக்கர். 2019 ஜனவரியில் ஒரு ராத்திரி, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்... "பாட்டியைப் பார்க்கப் போறேன். வர்றியா? வீடு மட்டும் கொஞ்சம்... மிதக்கும்."

விடிவதற்கு முன்பே பஸ் ஏறினோம். வாழைத் தோட்டம், ரப்பர் தோட்டம், எண்ணெய்ப் பனைத் தோட்டம் எல்லாம் ஜன்னலில் மாறி மாறி ஓடின. அகுசான் டெல் சுர் மாகாணம் வந்தது. புனாவன் என்ற சின்ன ஊரில் இறங்கினோம். இந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 2011 செப்டம்பரில் இங்கேதான் 'லோலோங்' முதலையைப் பிடித்தார்கள். நீளம் 6.17 மீட்டர், எடை 1,075 கிலோ. பிடிபட்ட முதலைகளிலேயே பெரியது என்று கின்னஸில் இடம் பிடித்தது. 2013 பிப்ரவரியில் செத்துப்போனது. நான் கிளம்பியதே அந்த முதலையோட சொந்தக்காரங்க யாரையாவது போட்டோ எடுத்து ஊருக்குக் காட்டலாம் என்ற ஆசையில்தான்.

மார்க்கெட்டில் கருவாடு விற்றுவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார் பாட்டி. அங்கே பாட்டிக்கு 'லோலா' என்று பேர். மாமா படகு ஓட்டினார். மோட்டார் படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனோம். ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தொலைத்தது. அப்புறம் பார்த்தால், மரங்களெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன!

அகுசான் சதுப்பு நிலம் இதுதான். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள். மழைக்காலத்தில் எல்லாம் கைகோத்து ஒரே தண்ணீர்க் காடாகிவிடும். மேலே மலையிலிருந்து வருகிற வெள்ளத்தை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி, கீழே இருக்கும் புத்துவான் நகரத்துக்கு மெதுவாக அனுப்புவது இதன் வேலை. 1996-ல் சரணாலயமானது. 1999-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் சர்க்கார் கணக்கு. மனோபோ பழங்குடி மக்களுக்கு இது அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வீடு.

ஏரிக்குள் நுழைகிற இடத்தில் மாமா சட்டென்று மோட்டாரை நிறுத்தினார். நான் கேமராவை எடுத்தேன். ரூம்மேட் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு. முதல்ல அனுமதி கேட்கணும்."

லோலா மடியிலிருந்து வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எடுத்தார். அட, நம்ம தாம்பூலம்! ஏரியில் இருக்கும் தெய்வங்களிடம் யார் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். என் பேரைக் கேட்டார். சொன்னேன். ஊர்?

"சென்னை."

"அது தண்ணி பேரா?"

"இல்லை லோலா, சிட்டி."

லோலா தலையை ஆட்டினார். பேத்தி மொழிபெயர்த்தாள்... "சிட்டியைத் தண்ணிக்குத் தெரியாதாம். உங்க ஊர்த் தண்ணி பேர் என்னன்னு கேட்குறாங்க."

வங்காள விரிகுடா என்று அள்ளி விட்டிருக்கலாம். கெத்தாக இருந்திருக்கும். ஆனால் தண்ணீருக்கு நடுவில், மோட்டார் சத்தமும் இல்லாமல், ஒரு பாட்டி முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது பொய் வரவில்லை. "பள்ளிக்கரணை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

லோலா ஏரியைப் பார்த்துச் சத்தமாக ஏதோ சொன்னார். நடுவில் "பாலி கரனாய்... பாலி கரனாய்" என்று ரெண்டு தடவை வந்தது. வெற்றிலை தண்ணீரில் விழுந்தது. சிரிக்காதீங்க, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன இடத்தை, ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பன்லபுஹான் ஏரியில் வீடுகள் மூங்கில் தெப்பத்தின் மேல் நிற்கின்றன. பங்கால் என்ற மரத்தில் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். நம்ம கடம்ப மரத்துக்கு அது சொந்தக்காரன். கோழிக்கூடு மிதக்கிறது. பெட்டிக்கடை மிதக்கிறது. வாண்டுகள் 'பரோட்டோ'வில் பறக்கிறார்கள். சாப்பிடுற பரோட்டா இல்லீங்க, மரத்தைக் குடைஞ்சு செய்யற குட்டித் தோணி! ராத்திரி சுட்ட விரால் மீனும், சேகோ பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவில் செய்த பலகாரமும். நாம பாயசத்துல போடுற ஜவ்வரிசி, 'ஜாவா அரிசி'. இந்தப் பனை மாவுதான் அதன் ஒரிஜினல். சேலத்தில் மரவள்ளிக் கிழங்கில் செய்வது அதற்கு மாற்றாக வந்தது.

சாப்பிட்டு முடித்ததும், "நீயும்தானே புத்துவான்னு சொன்னே?" என்று ரூம்மேட்டை வாரினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நகரத்தில் சிலர் வாயில் 'மனோபோ' என்பதே திட்டு. ஹைஸ்கூலில் அவள் மதியச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தார்களாம். அன்றைக்கு மாற்றிக்கொண்ட ஊர்தான் புத்துவான். "உன்கிட்ட சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சு. ஸாரி" என்றாள். ஸாரி யார் கேட்கணும்? 'குப்பைமேடு' கதையைச் சொன்னேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

அப்புறம் அவள் சொன்ன விஷயம்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் தெய்வங்களுக்குப் பொதுப் பேர் 'திவாத்தா'. நம்ம 'தேவதை'யும் அதுவும் ஒரே சம்ஸ்கிருத வார்த்தையிலிருந்து வந்தவை! 1917-ல் இதே மாகாணத்து எஸ்பெரான்சா பக்கம், வெள்ளம் வடிந்த ஆற்றங்கரையில் ஒரு மனோபோ பெண் கண்டெடுத்த சிலை 21 காரட் தங்கம். கிட்டத்தட்ட 1.8 கிலோ. தாராதேவி என்று பலர் சொல்கிறார்கள். 1922-லிருந்து சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தில் இருக்கிறது. 'காட்டு ஜனங்க'ன்னு கேலி பண்றவங்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கடல் தாண்டி உறவு வெச்சிருந்த ஆற்றங்கரையைத்தான் கேலி பண்றாங்க!

தூங்கப் போகும் முன் லோலா வெளியே வந்து, மரத்தில் கட்டிய கயிற்றை நெகிழ்த்தி விட்டார். ராத்திரி முழுக்க மழை கொட்டியது. காலையில் பார்த்தேன். நேற்று மரத்தில் என் கண்ணுக்கு நேராக இருந்த முடிச்சு தண்ணீருக்குக் கீழே போயிருந்தது. வீட்டுத் தரையோ நேற்றுப் போலவே தண்ணீருக்கு மேலே!

"எங்க வீட்டுக்குள்ள 2015-ல் வெள்ளம் வந்தது லோலா. ஃப்ரிட்ஜ், பீரோ எல்லாம் போச்சு" என்றேன்.

லோலா ரொம்ப சீரியஸாகக் கேட்டார்... "ஏன்? நீங்க எந்த மரத்துல கட்டியிருந்தீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் மரத்தில் கட்டவில்லை; தண்ணீர் போகிற வழியில் மண் கொட்டிக் கட்டியிருந்தோம். வெள்ளம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை... தன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

உடனே 'ஆஹா சொர்க்கம்'னு முடிவு பண்ணிடாதீங்க. அங்கே ஆஸ்பத்திரிக்குப் படகில்தான் போகணும். சுத்தமான குடிநீர் பெரிய பிரச்னை. 2009-ல் ஒரு பள்ளிச் சிறுமி முதலைக்குப் பலியானாள். மேலே மலையில் தங்கம் எடுக்கிறவர்கள் விடுகிற பாதரசம் ஆற்றில் கலக்கிறது. 2012 டிசம்பரில் 'பாப்லோ' புயல் மிண்டனாவோவைப் புரட்டிப் போட்டது. பழங்குடிகளின் பாரம்பரிய நிலத்தில் எது செய்தாலும் அவர்களின் சம்மதம் வேண்டும் என்று 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் கேட்கிற அந்தச் சம்மதத்தை, லோலா தினமும் ஏரியிடம் கேட்கிற மாதிரி எத்தனை பேர் கேட்கிறார்கள்?

நான் முதலையைப் பார்க்கவே இல்லை. திரும்பும்போது லோலாவிடம், "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம்" என்றார். எடுக்கவில்லை. கேட்டால் 'வேண்டாம்' என்றும் பதில் வரும் என்பதையும் சேர்த்துத்தானே கேட்கணும்?

2022-ல் பள்ளிக்கரணையும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. செய்தி பார்த்த உடனே அவளுக்கு மெசேஜ் போட்டேன். "இப்ப நம்ம ரெண்டு ஊரும் ஒரே கிளாஸ்!" என்று பதில் வந்தது. அவள் இப்போது நர்ஸ். யார் கேட்டாலும் முதலில் 'மனோபோ', அப்புறம்தான் மற்றதெல்லாம். நானும் வேலைக்கான இன்டர்வியூவில் ஊர் கேட்டபோது முழுசாகச் சொன்னேன். எதிரில் இருந்தவர் மூக்கைச் சுளிக்கவில்லை. "நாரைகள் இன்னும் வருதா?" என்று கேட்டார்.

நீங்களும் ஒருநாள் அகுசான் பக்கம் போவீங்க. உள்ளூர் ஆளோட போங்க. கேட்டுட்டு நுழையுங்க. கேட்டுட்டு க்ளிக் பண்ணுங்க. முக்கியமா, கிளம்பறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஏரியோ குளமோ வாய்க்காலோ, அதோட பேர் என்னன்னு அம்மாகிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.

லோலா கட்டாயம் கேட்பார்!