ஒரு வங்கி குமாஸ்தாவின் நிலம்

அயர்லாந்து கிராமம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பச்சை. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் பச்சை. கூரை வேய்ந்த வெள்ளைக் குடிசை, பின்னால் நீல மலை, மலைக்கு மேல் பஞ்சுப் பொதி மாதிரி மேகம். இந்தப் படம் தானாக வந்து நம் மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளவில்லை. அதை உருவாக்கியதில் ஓவியர் பால் ஹென்றிக்குப் பெரிய பங்கு உண்டு. பெல்ஃபாஸ்டில் பிறந்த அவர் 1910இல் மேற்குக் கரையோரத்து அக்கில் தீவுக்குப் போய், பத்தாண்டு அளவுக்கு அங்கேயே இருந்து வரைந்தார். 1920களில் அவருடைய கானமாரா மலைகளை ஒரு ரயில் கம்பெனி சுற்றுலா போஸ்டராகவே அச்சடித்து ஒட்டியது.

ஹென்றியின் ஓவியங்கள் நல்ல ஓவியங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது ரயிலேறி வருகிறவர் பார்க்கும் நிலம். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, எந்த வயலில் எந்த மூலையில் தண்ணி நிக்கும், யாருக்கும் யாருக்கும் வேலித் தகராறு என்றெல்லாம் தெரிந்தவனுக்கு, அதே நிலம் எப்படித் தெரியும்? அவன் கையில் தூரிகை கிடைத்தால் என்ன வரைவான்?

டோனி ஓமாலியை நான் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். 1913இல் கில்கென்னி மாவட்டத்தில் கேலன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா மேற்கே கிளேர் தீவுக்காரர். ஓவியப் பள்ளி எதிலும் முறையாகப் படித்ததில்லை. 1934இல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தார். 1940களில் காசநோய் வந்து படுத்தார். தீவிரமாக வரையத் தொடங்கியது அந்த நோய்க்காலத்தில். 1958இல் உடல்நிலை காரணமாகவே வங்கியிலிருந்து ஓய்வு. 1960இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் உள்ள செயின்ட் ஐவ்ஸுக்குக் குடிபெயர்ந்தபோது வயது நாற்பத்தாறு. நாம் இன்று பேசும் ஓமாலி அதற்குப் பிறகுதான் வருகிறார்.

கம்பெனி வேலையாக டப்ளினில் இரண்டு வருடம் இருந்தேன். பகலில் கோட், மீட்டிங், மறுபடியும் மீட்டிங். ராத்திரி பத்து மணிக்கு மேல் என் கட்டுரைகள். ஒரு சனிக்கிழமை ரூம்மேட்டையும் இழுத்துக்கொண்டு கில்கென்னிக்கு ரயிலேறினேன். அங்கே ஆற்றங்கரையில் இருக்கும் பட்லர் கேலரியில் ஓமாலிக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். சாம்பலும் கருநீலமுமாக, மேலெல்லாம் கீறல் விழுந்த ஒரு பலகைக்கு முன்னால் ரூம்மேட் நின்றுவிட்டான்.

“மச்சான், இதுல வயல் எங்கடா இருக்கு?”

“இதுதான்டா வயல்.”

“இது வயல்னா எங்க ஊர் மோட்டார் ரூம் சுவரும் வயல்தான்டா.”

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது ஓமாலிக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நிற்கும் வாக்கியம். மோட்டார் ரூம் சுவரில் மழை இறங்கிய தடம் இருக்கும், கரியில் எழுதிய கணக்கு இருக்கும், யாரோ ஆணியால் கீறிய பெயர் இருக்கும். அந்தச் சுவரைத் தெரிந்தவனுக்கு அது தோட்டத்தின் வரலாறு. தெரியாதவனுக்கு அழுக்கு.

ஓமாலியின் வேலையை அரை அரூபம் என்கிறோம். பொருள் முழுக்க மறைந்துபோவதில்லை, முழுக்க முகம் காட்டுவதுமில்லை. எப்படி இதைச் செய்கிறார் என்று கவனித்தால், முதலில் பல ஓவியங்களில் அடிவானம் காணாமல் போகிறது. அடிவானம் இருந்தால் பார்ப்பவர் ஒரு இடத்தில் நின்றாக வேண்டும், நிலம் அவர் முன்னால் காட்சியாக விரிந்தாக வேண்டும். அதை எடுத்துவிட்டால் நாம் நிலத்துக்கு வெளியே நிற்க முடியாது. அடுத்தது, பலகையையே அவர் நிலம் மாதிரி நடத்துகிறார். கீறுகிறார், செதுக்குகிறார், அதன் மேல் வண்ணம் பூசுகிறார். உழுத கோட்டை வரைவதற்குப் பதிலாகப் பலகையை உழுதுவிடுகிறார் என்று சொல்லலாம். மூன்றாவதாகக் காலம். தலைப்புகளைப் பாருங்கள்: குளிர்காலம், ஒரு மாதம், ஒரு பண்டிகை நாள். இந்த இடம் இந்தப் பருவத்தில் எனக்குள் என்ன செய்தது என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்தக் கீறலை அவர் பாரிஸிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. கில்கென்னிப் பக்கம் பதினாறாம் நூற்றாண்டில் ஓடன்னி என்ற கல்தச்சர் குடும்பம் இருந்தது. பழைய மடாலயங்களின் கல்லறைகளில் வரிசையாக அப்போஸ்தலர்களைச் செதுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஆழமில்லாத, கோடு கோடான செதுக்கல். ஓமாலி சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த கலை அது. 1960களிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் புனித வெள்ளியன்று அவர் தவறாமல் ஓர் ஓவியம் செய்தார். மரத்தில் ஆழமாகக் கீறிய காயங்களோடு இருக்கும் அந்தப் பலகைகளைப் பார்க்கும்போது அந்தக் கல்தச்சர்களின் கை எனக்குத் தெரிகிறது. ஒரே நாள், ஒரே கருப்பொருள், பல பத்தாண்டுகள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கிறது. அதில் கொஞ்சம் குமாஸ்தாவும் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

செயின்ட் ஐவ்ஸில் அவருக்குக் கிடைத்த நண்பர் பீட்டர் லேனியன். கார்ன்வால் நிலத்தை மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரே ஓவியத்துக்குள் கொண்டுவரப் பார்த்தவர். அதற்காகவே கிளைடர் ஓட்டக் கற்றார். 1964இல் கிளைடர் விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாக ஓமாலி ஓர் ஓவியம் வரைந்தார்: குளிர்காலத்தில் ஒரு பருந்தும் அதன் இரையும். நண்பரின் முகம் அதில் கிடையாது. வானத்திலிருந்து நிலத்தைப் பார்த்த ஒருவருக்குப் பருந்தைத் தவிர வேறு எதை அஞ்சலியாக வைக்க முடியும்? துக்கத்தை நிலத்தின் மொழியிலேயே சொல்லிவிட முடியும் என்பதை நான் இந்த ஓவியத்தில்தான் கண்டேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் கில்கென்னிப் பக்கத்துப் பால்பண்ணைக் குடும்பம். அவர்கள் வீட்டு வயல் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு என்றார். கிணற்று வயல், மேட்டு வயல், எப்போதோ விற்றுவிட்டுப் போனவரின் பெயரில் இன்னும் ஒரு வயல். அயர்லாந்து முழுக்க டவுன்லேண்ட் எனப்படும் சிறு நிலப்பிரிவுகள் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பல பெயர்களுக்குள் பழைய ஐரிஷ் சொற்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கின்றன. பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. தெரிந்தவருக்கு ஒவ்வொன்றும் வேறு. அந்த “வேறு” என்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல் வரைய முடியாது, ஏனென்றால் அது கண்ணில் இல்லை. அரை அரூபம் ஓமாலிக்கு ஃபேஷனாக இல்லாமல் தேவையாக இருந்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. கேலனைப் பற்றிய பல ஓவியங்களை அவர் கேலனில் இருந்து வரையவில்லை, கடல் தாண்டி இருந்து வரைந்தார். 1950களில் மட்டும் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுப் போனார்கள். அவர் கிளம்பியது அந்த அலையின் கடைசியில். தூரத்தில் இருப்பவனுக்கு ஊர் முழுசாக ஞாபகம் வருவதில்லை. ஒரு சுவர், ஒரு காக்கைச் சத்தம், சாயங்கால வெளிச்சத்தின் ஒரு நிறம், அவ்வளவுதான். மிச்சத்தை இட்டு நிரப்பினால் அது போஸ்டர் ஆகிவிடும். அவர் நிரப்பவில்லை. டப்ளின் ரூமில் ராத்திரி உட்கார்ந்து ஊரைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு இது உறைக்கும். ஞாபகம் இல்லாத இடத்தில் கொஞ்சம் அழகு வார்த்தை போட்டு நிரப்ப விரல் தானாகப் போகும்.

இருபத்து நான்கு வருட வங்கி வேலையை என்ன சொல்வது? நம்மை மாதிரி வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்கள் இந்த மாதிரிக் கதைகளை ஆறுதல் மாத்திரையாக விழுங்கப் பழகியிருக்கிறோம். பாத்தியா, அவரே நாற்பத்தஞ்சுக்கு மேலதான் ஆரம்பிச்சாரு! எனக்கு அந்த ஆறுதலில் நம்பிக்கை இல்லை. அவர் நாற்பத்தைந்தில் ஆரம்பிக்கவில்லை. அந்த வருடங்களிலேயே வரைந்துகொண்டிருந்தார், யாரும் கேட்காதபோதும். அவரை வங்கியிலிருந்து விடுவித்தது துணிச்சல் அல்ல, உடல்நிலை. அதைக் காதல் கதையாக்க வேண்டாம். ஆனால் ஊர் ஊராக மாற்றலான அந்த வருடங்களில் எந்த இடத்தையும் சொந்தம் கொண்டாட முடியாமல், கிடைத்த ஓய்வு நேரத்தில் துண்டு துண்டாகப் பார்த்த கண்தான், பிறகு துண்டுகளிலிருந்தே ஒரு நிலத்தைக் கட்டியது. நேரம் இல்லாமை அவரைச் சின்ன ஓவியராக்கவில்லை. அவருடைய பார்வைக்கு அது வடிவமாகவே ஆகிவிட்டது. எனக்கும் அப்படி ஆகுமா? தெரியாது. ஆனால் வேலையை விட்டால்தான் எழுத்து வரும் என்று புலம்பும் நண்பர்களோடு இப்போது என்னால் சேர்ந்து புலம்ப முடிவதில்லை.

1973இல் கனடாவைச் சேர்ந்த ஓவியர் ஜேன் ஹாரிஸை மணந்தார். குளிர்காலங்களில் பஹாமாஸ் போக ஆரம்பித்ததும் அவர் பலகைகளில் மஞ்சளும் ஆரஞ்சும் பொங்கின. 1990இல் இருவரும் கேலனுக்குப் பக்கத்து பிஸிஷியன்ஸ்டவுனுக்கே திரும்பி வந்தார்கள். கடைசி வருடங்களில் வீட்டுத் தோட்டத்துக் குளம் அவருக்குக் கருப்பொருளானது. மலை இல்லை, கடல் இல்லை, ஒரு குளம். 2003இல் இறந்தார்.

ஓமாலியைத் தேடிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பஹாமாஸ் வண்ணங்களை அப்புறம் பாருங்கள், அவை எப்படியும் உங்களைக் கூப்பிடும். முதலில் அந்தச் சாம்பல் பலகைகளுக்குப் போங்கள். பிடிக்காவிட்டாலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒரு சுவர், ஏதோ ஒரு வரப்பு, மெல்ல உங்களுக்குள் எழுந்து வரும். அதற்குப் பிறகு பச்சைப் போஸ்டரைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஆள் யாரும் இல்லை என்பதும் தெரியும்.