உடலும் ஓர் அமானிதமே

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியுள்ளோம். பெயர் மருந்தாயினும் அதன் குறட்பாக்களுள் பெரும்பாலானவை பேசுவது உணவின் அளவையே. அதனை மாணவர்க்கு விளக்கிய யாம், எம் தட்டில் அதனைக் கண்டது காலம் தாழ்த்தே.

எம் வாப்பா இருபது ஆண்டுகள் சீனி வியாதியோடு வாழ்ந்தார்கள். எம் கடற்கரை ஊரில் விருந்தென்றால் சஹன்தான். ஒரே தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து நெய்ச்சோறு உண்பர். சகோதரத்துவம் வளர்க்கும் அழகிய வழக்கம் அது. ஆயினும், பொதுத்தட்டில் உண்பவர்க்குத் தாம் உண்ட அளவு தெரிவதில்லை. தமக்கு நோயுண்டு எனச் சபையில் சொல்ல வாப்பா நாணினார்கள். கையை எடுத்தால் விருந்தளித்தவர் மனம் நோகுமே என்று உண்டார்கள். வலக்காலில் தோன்றிய சிறு புண் அவர்களுக்கு வலிக்கவில்லை. நீடித்த மிகைச் சர்க்கரை நரம்பின் உணர்வை மழுங்கச் செய்யும், இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்பதை அன்று யாம் அறியோம். அறிந்தபோது, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க நேர்ந்தது. அதன்பின் அவர்கள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார்கள்.

எமது 42-ஆம் வயதில், வெறும் வயிற்றில் எடுத்த சோதனை 168 மில்லிகிராம் காட்டியது. 126-ஐ எட்டினாலே நீரிழிவு எனலாம். மூன்று மாதச் சராசரி 8.4 விழுக்காடு; அதை 7-க்குக் கீழே கொணர வேண்டும் என்றார் மருத்துவர். தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு மீன் அல்லது பருப்பு, எஞ்சிய கால்பங்கே சோறு, உணவுக்குப்பின் நடை. மாத்திரையும் உண்டு. ஆறு மாதத்தில் 6.9 ஆயிற்று. வென்றுவிட்டோம் எனக் கருதினோம்.

ரமலான் வந்தது. மருத்துவரைக் கேளாமலே, காலை மாத்திரையைச் சஹரில் உண்டு நோன்பு நோற்றோம். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை. வயிறு வெறுமையாயினும் தன் வேலையை நிறுத்தாது. 9-ஆம் நோன்பன்று அஸருக்குப் பின் உடல் வியர்த்தது, கை நடுங்கியது, நூலின் வரிகள் கலங்கின. விரலில் குத்திப் பார்த்தோம்: 58. எழுபதுக்குக் கீழே இறங்கினால் நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் கூறும் நெறி. மஃரிபுக்கு ஒரு மணி நேரமே இருந்தது. பொறுத்துவிடலாம் என்றது மனம்.

“உங்க வாப்பாவும் இப்படித்தான் பொறுத்தாங்க” என்றார்கள் உம்மா. சீனி கரைத்த நீரை அவர்களே நீட்டினார்கள். கண்ணீரோடு பருகினோம்.

மறுநாள் பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் குற்றவுணர்வோடு இதனைக் கூறினோம். நோயாளி வேறு நாள்களில் நோற்கலாம் என அல்பகரா அத்தியாயத்தில் இறைவனே சலுகை அளித்திருக்க, அதனை மறுத்து உடலை அழிப்பது பக்தியாகாது என்றார்கள். விடுபட்ட நோன்பை ரமலானுக்குப் பின் கழாச் செய்தோம்.

அடுத்த ஆண்டு, ரமலானுக்கு இரு மாதங்கள் முன்பே மருத்துவரிடம் சென்றோம். மாத்திரையின் வகையையும் நேரத்தையும் அவர் மாற்றினார். அரிசி குழைந்த நோன்புக் கஞ்சி சர்க்கரையை விரைந்து ஏற்றுமாதலால், ஒரு பேரீச்சம்பழமும் அரைக்கோப்பைக் கஞ்சியுமே இஃப்தாரில் கொண்டோம். இறையருளால் நோன்புகள் நிறைவேறின. எமக்குப் பொருந்தியது பிறர்க்குப் பொருந்தாது. இன்சுலின் செலுத்துவோர் மருத்துவரைக் கேளாது நோன்பு நோற்றல் ஆகாது.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டென 2023-இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. எனவே இஃது ஒரு வீட்டின் கதையன்று. வயிற்றின் மூன்றிலொரு பங்கே உணவுக்குரியது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்க, போதும் என்பவரை மீண்டும் உண்ணென வற்புறுத்துவது எவ்வகையில் விருந்தோம்பலாகும்? பெரியோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம். மாணவச் செல்வங்களே, இன்றிரவு உங்கள் பெற்றோரின் பாதங்களை ஒருமுறை பாருங்கள். புண் உண்டா எனக் கேளுங்கள்.

இப்போது எம் இல்ல விருந்துகளில் சஹனுக்கு அருகே சில தனித்தட்டுகளையும் வைக்கிறோம். யாரும் நாணிக் கேட்க வேண்டியதில்லை. அமானிதமாய்ப் பெற்ற உடலைப் பேணி ஒப்படைக்கும் பேற்றினை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!