மறக்கப்பட்ட முகங்களும் மறுக்கப்பட்ட மண்ணும்

திரைப்படமொன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருபவருக்குக் கதாநாயகனின் பெயரை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது படமாளிகை வாசலிலேயே பெரிய எழுத்தில் தொங்குகின்றது. ஆனால், அக்கதாநாயகனுக்குக் கதவு திறந்துவிட்ட கிழவர் யார்? நீதிமன்றக் காட்சியிலே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தவாறு பொய்ச்சாட்சி சொன்னவர் யார்? நாயகியின் கண்ணீரைத் துடைத்துப் புத்திமதி கூறிவிட்டு அடுத்த காட்சியில் காணாமற்போன தாதி யார்? இவர்களை நாம் முகத்தால் அறிவோம், பெயரால் அறியோம். 'அந்தப் படத்திலும் வந்தாரே, அந்த ஆள்' என்பதே பெரும்பாலும் இவர்களுக்கு நாம் இட்டு வழங்கும் பெயர். குணசித்திர நடிகர் என்று விமர்சகர்கள் அழைப்பது இவர்களைத்தான்.

பழைய ஹொலிவூட் படங்களைத் தேடிப் பார்க்கும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. இந்நடிகர்களின் பெயர்களைக் குறித்துவைப்பதும், அவர்களது வாழ்வு எவ்வாறு முடிந்தது, அவர்கள் எங்கே அடக்கஞ் செய்யப்பட்டார்கள் என்று வாசித்தறிவதும் அவ்வழக்கத்தின் கிளையாக வளர்ந்தவை. நண்பர்கள் இதனை விநோதமான பொழுதுபோக்கு என்பர். ஆயின், ஒரு சமூகம் தன்னை மகிழ்வித்த மனிதரை உள்ளபடி எவ்வாறு மதித்தது என்பதை அறிவதற்கு, அவருக்குக் கிடைத்த கைதட்டலைவிட அவருக்குக் கிடைத்த ஆறடி நிலமே நம்பத்தகுந்த சான்று என்று எனக்குத் தோன்றுகின்றது. அவ்வாறு தோன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஹற்றி மக்டானியேல் என்ற கறுப்பின நடிகை.

1930களிலும் 1940களிலும் ஹொலிவூட் ஸ்ரூடியோக்கள் நடிகர்களை ஒப்பந்தத்தில் வைத்து வேலை வாங்கின. நாயகர்கள் ஆண்டுக்குச் சில படங்களில் தோன்றினர். குணசித்திர நடிகர்களோ ஒரு படத்தின் உடையைக் கழற்றிவிட்டு மற்றப் படத்தின் உடையை அணிந்தவர்கள். தோமஸ் மிற்செல் என்பவர் 1939ஆம் ஆண்டில் மாத்திரம் 'ஸ்ரேஜ்கோச்', 'கோன் வித் த விண்ட்' உட்பட ஐந்து பெரும் படங்களில் நடித்தார். குடிகார வைத்தியராகவும் அயர்லாந்து வழிவந்த தோட்ட முதலாளியாகவும் ஒரே ஆண்டில் அவர் திரையிற் தோன்றியபோது, இருவரும் ஒருவரே என்பதைக் கவனித்தோர் சிலராகவே இருந்திருப்பர். அத்தொழிலின் வெற்றியே அத்தகையது.

ஆனால், இத்தகைய மாறுவேடச் சுதந்திரம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஹற்றி மக்டானியேல் 1893இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரிற் பிறந்தவர். தாய் தந்தையர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். தந்தையார் உள்நாட்டுப் போரில் வடமாநிலப் படையிற் போரிட்டவர். பதின்மூன்று பிள்ளைகளில் ஹற்றியே கடைக்குட்டி. பாட்டு, நாடகம், வானொலி என்று பல மேடைகளைக் கண்டபின், 1931இல் அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். வந்த இடத்திலே அவருக்குத் திரை கொடுத்த வேடம் ஒன்றே: வேலைக்காரி. படம் மாறும், எசமானி மாறுவாள், ஏப்ரன் மாறாது. அவரைக் குறைகூறியோர் அவரது இனத்தவரிடையேயும் இருந்தனர். கறுப்பின மக்களின் உரிமை இயக்கத் தலைவர்கள் சிலர், இவ்வேடங்கள் அடிமைத்தனத்தை அழகுபடுத்துகின்றன என்று கண்டித்தனர். வாரம் ஏழு டொலருக்கு வேலைக்காரியாக இருப்பதைவிட எழுநூறு டொலருக்கு வேலைக்காரியாக நடிப்பது மேல் என்ற கருத்துப்பட அவர் விடையளித்ததாகச் சொல்லப்படுகின்றது. அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது. அவ்விடையிலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயங்களுக்கிடையே ஒரு மனிதப்பிறவியை நிறுத்திவைத்த அமைப்பிலேதான் அநியாயம் இருந்தது.

'கோன் வித் த விண்ட்' படத்தில் அவர் ஏற்ற மம்மி என்னும் செவிலித்தாய்ப் பாத்திரத்தை இன்று பார்ப்பவர்க்கும் ஒரு காட்சி மறக்கமுடியாதது. வீட்டின் சிறு பெண்குழந்தை குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்துவிடுகின்றது. தந்தை அறையைப் பூட்டிக்கொண்டு பிணத்தருகே இருக்கின்றான். மம்மி மெலனி என்பவளுடன் நீண்ட மாடிப்படிகளில் ஏறியவாறே நடந்ததைக் கூறுகின்றாள். பிள்ளை இருளுக்குப் பயந்தவள் என்பதால் அவளைப் புதைக்கத் தந்தை மறுக்கின்றான்; நீங்கள்தான் அவரிடம் பேசி, அடக்கஞ் செய்ய இணங்கவைக்கவேண்டும் என்று கெஞ்சுகின்றாள். படியேறும் மூச்சிரைப்பும் அழுகையும் ஒன்றாகி, சொற்கள் துண்டுதுண்டாக வெளிவருகின்றன. படத்தின் நாயகன் நாயகி எவரும் அக்காட்சியில் இல்லை. ஆயினும், அந்நீண்ட படத்தின் துயரம் முழுவதையும் அச்சில நிமிடங்களில் ஒரு துணைநடிகை தன் தோளிலே சுமந்து மாடிக்குக் கொண்டுசெல்கின்றார். இறந்தவருக்கு உரிய இடத்தைக் கேட்டு மன்றாடும் அக்காட்சி, பின்னர் அவருடைய சொந்த வரலாற்றோடு இணைந்துவிட்டது.

1939 டிசெம்பர் 15ஆம் திகதி அப்படம் அற்லாண்டா நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, மக்டானியேல் அங்கே செல்லமுடியவில்லை. அம்மாநிலத்தின் நிறப்பிரிவினை விதிகள் கறுப்பின நடிகர்களை விழாவிலிருந்து விலக்கின. 1940 பெப்ரவரி 29ஆம் திகதி, ஒஸ்கார் விருது விழா லொஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஹோட்டலில் நடைபெற்றது. கறுப்பினத்தவரை அனுமதியாத அந்த ஹோட்டலில், தயாரிப்பாளர் விசேட அனுமதி பெற்ற பின்னரே அவர் நுழைந்தார். படத்தின் மற்ற நடிகர்களோடன்றிச் சுவரோரமாகப் போடப்பட்ட தனிமேசையிலே அமர்த்தப்பட்டார். அம்மேசையிலிருந்து எழுந்து சென்றுதான், ஒஸ்கார் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் என்ற பெயரை அவர் பெற்றார். அதே இரவில், 'ஸ்ரேஜ்கோச்' படத்துக்காகச் சிறந்த துணைநடிகர் விருதைப் பெற்றவர், மேலே குறிப்பிட்ட தோமஸ் மிற்செல். படத்திலே மம்மியின் எசமானராக நடித்தவரும் அவரே.

அவர் வாழ்வில் ஒரு வெற்றியும் உண்டு. மேற்கு அடம்ஸ் பகுதியில் 'சுகர் ஹில்' என வழங்கிய இடத்திலே அவர் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். வெள்ளையரல்லாதார்க்கு அங்கே வீடு விற்கலாகாது என்று காணி உறுதிகளில் எழுதப்பட்டிருந்ததைக் காட்டி, அயலவர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1945 டிசெம்பரில் நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று ஐக்கிய அமெரிக்காவின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இலேதான். அதற்கு மூன்று ஆண்டுகள் முந்தியே, வேலைக்காரி வேடக்காரி தன் சொந்த வீட்டில் வாழும் உரிமையை வென்றெடுத்தார்.

வாழும் உரிமையை வென்றவர் உறங்கும் உரிமையை இழந்தார். 1952 ஒக்டோபர் 26ஆம் திகதி மார்பகப் புற்றுநோயால் அவர் காலமானார். வெண்ணிறப் பெட்டி, வெண்ணிற ஆடை, கூந்தலிலும் கைகளிலும் வெண்மலர்கள் என்று தம் இறுதிக் கோலத்தை அவரே எழுதிவைத்திருந்தார். அடக்கஞ் செய்யப்படவேண்டிய இடத்தையும் குறித்திருந்தார்: ஹொலிவூட் சேமக்காலை. பரமவுண்ட் ஸ்ரூடியோவின் பின்மதிலை ஒட்டியிருக்கும் அச்சேமக்காலையில் திரையுலகின் புகழ்பெற்றோர் பலர் துயில்கின்றனர். தொழிலால் தம்மவர் எனக் கருதியவர்களின் நடுவே இடம் கேட்டார் அவர். அது வெள்ளையருக்குரிய இடம் என்று நிருவாகம் மறுத்துவிட்டது. எனவே, எல்லா இனத்தவரையும் ஏற்றுவந்த ரோஸ்டேல் சேமக்காலையில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். தனிமேசைக்கு ஒருபடி மேலாக, தனிமயானம்.

இங்கே நாம் உயரத்தில் நின்று அமெரிக்கரைப் பழித்தல் எளிது. ஆனால், சாதிக்கொரு சுடலை வைத்திருந்த யாழ்ப்பாணத்து மண்ணில் வளர்ந்தவர்களுக்கு அவ்வுரிமை குறைவு. உயிரோடிருக்கும்போது ஒருவனின் பறையோசையையும் பாட்டையும் கேட்டு மகிழ்வதும், இறந்தபின் அவனது சாம்பல் எமது சாம்பலோடு கலத்தலாகாது என்று வேலி போடுவதும் எமக்கு அறிமுகமற்ற மனோபாவங்கள் அல்ல. மரணம் அனைவரையும் சமமாக்கும் என்று தத்துவம் பேசுகின்றோம். சமமாக்குவது மரணம், பிரித்து வைப்பது மயானம்.

ஹொலிவூட் சேமக்காலையின் வேலி எல்லா அந்நியருக்கும் ஒரே வகையில் உயர்ந்திருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பீற்றர் லோரே, ஒஸ்ரிய-ஹங்கேரியப் பேரரசின் சிற்றூர் ஒன்றிலே யூதக் குடும்பத்திற் பிறந்தவர். 1931இல் 'எம்' என்ற ஜேர்மன் படத்தில் குழந்தைக் கொலைகாரனாக நடித்துப் புகழ்பெற்றார். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் நடித்த அக்காட்சியையே வெட்டியெடுத்து, யூதரை இழித்துரைக்கும் தமது 1940ஆம் ஆண்டுப் பிரசாரப் படமொன்றிலே நாசிகள் ஒட்டிக்கொண்டனர். நடிகனின் நடிப்பையே அவன் இனத்துக்கெதிரான சாட்சியமாக்கிய கொடுமை அது. அவர் 1964இல் இறந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மக்டானியேலுக்கு மூடப்பட்ட அதே சேமக்காலை அவருக்கு இடமளித்தது. அதுபற்றி எவரும் வருந்தவேண்டியதில்லை. அகதியொருவனுக்கு மண் கிடைத்தது நல்லதே. நிறமே அன்றைய பூட்டின் திறவுகோலாக இருந்தது என்பதை மட்டும் அது காட்டுகின்றது.

லோரேயுடன் 'கசபிளாங்கா'வில் நடித்த கொன்ராட் வைட்டின் சாம்பல் அலைந்த கதை இன்னொருவிதமானது. ஜேர்மனியில் பிறந்த அவர் யூதரல்லர். அவர் மனைவியே யூதப்பெண். 1933இல் இருவரும் வெளியேறினர். பின்னர் அவர் பிரித்தானியப் பிரசையானார். எந்த நாசிகளிடமிருந்து தப்பியோடினாரோ, அந்த நாசி அதிகாரியின் சீருடையையே ஹொலிவூட் அவருக்கு அணிவித்தது. 1943 ஏப்ரலில், லொஸ் ஏஞ்சல்ஸில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். அவரது சாம்பல் நியூயோர்க் மாநிலத்தில் வைக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின்பின், 1998இல் லண்டன் கோல்டர்ஸ் கிறீன் தகனசாலையைச் சென்றடைந்தது. புலம்பெயர்ந்தவனின் பயணம் அவன் மூச்சோடு முடிவதில்லை என்பதை எம்மவர்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

வேடமே மனிதனை விழுங்கிய கதையும் உண்டு. ஹங்கேரியரான பெலா லுகோசி 1931இல் டிராகுலாவாக நடித்தார். அதன்பின் அவரை வேறு எவராகவும் காண ரசிகர் விரும்பவில்லை. 1956இல் அவர் இறந்தபோது, குடும்பத்தாரின் தீர்மானப்படி டிராகுலாவின் மேலங்கியுடனேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அன்பினாலே செய்த காரியந்தான். எனினும், கல்லறைக்குள்ளும் வேடத்தைக் களையமுடியாத நடிகனை எண்ணும்போது மனம் கனக்கின்றது.

இவற்றுக்கு மாறாக, மக்டானியேலுடன் அதே படத்தில் நடித்த பற்றர்பிளை மக்குயின் தம் வழியைத் தாமே வகுத்தார். வேலைக்காரி வேடங்கள் சலித்துப்போக, 1940களின் பிற்பகுதியில் அவற்றை மறுத்து ஒதுங்கினார். வேறு தொழில்கள் பார்த்தார். 1975இல், அறுபத்துநான்காவது வயதில், நியூயோர்க் சிற்றி கல்லூரியில் அரசறிவியலிற் பட்டம் பெற்றார். 1995இல் தீவிபத்தொன்றில் இறந்தபோது, அவர் விருப்பப்படி உடல் மருத்துவக் கல்விக்கு வழங்கப்பட்டது. கல்லறை வேண்டாம் என்பது அவர் தேர்ந்த முடிவு. மக்டானியேலுக்குக் கல்லறை இல்லையென்றது பிறருடைய முடிவு. இடமின்மை ஒன்றாயினும், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே சுதந்திரம் எனப்படுவது.

ஹொலிவூட் சேமக்காலை பின்னர் கைமாறிற்று. புதிய உரிமையாளர் மக்டானியேலின் உடலை அங்கே மாற்ற முன்வந்தார். உறவினர் இணங்கவில்லை. ஆகவே, 1999இல், அவர் இறந்து நாற்பத்தேழு ஆண்டுகள் நிறைந்த நாளில், ஏரியை நோக்கிய இடத்திலே ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. நடுகல் மரபை அறிந்த எமக்கு, உடலில்லா இடத்தில் நிற்கும் கல்லின் பொருள் விளங்காததன்று. அவர் ஹவார்ட் பல்கலைக்கழகத்திற்கு விட்டுச்சென்ற ஒஸ்கார் விருதுப்பலகையும் காணாமற்போயிற்று. அதற்குப் பதிலாக வேறொன்று 2023இல் வழங்கப்பட்டது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. எனினும், உறவினர் அவ்வுடலை அசைக்க இணங்காமை சரியான முடிவென்றே நான் கருதுகின்றேன். மறுக்கப்பட்ட காலத்தில் ஏற்றுக்கொண்ட மண்ணை, வரவேற்கப்படும் காலத்தில் கைவிடுதல் அழகன்று.

ரோஸ்டேல் சேமக்காலை, அவர் வழக்காடி வென்ற வீட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. அதற்கு அடுத்தாற்போல் அமைந்துள்ள பழைய தகனசாலையிலே, 1962இல் மறைந்த தோமஸ் மிற்செல்லின் சாம்பல் வைக்கப்பட்டுள்ளது. ஒரே இரவில் விருதுபெற்ற இருவர். ஒரே படத்தில் ஒரே வீட்டின் எசமானரும் செவிலியும். விழா மண்டபத்தில் ஒரே மேசையில் அமர முடியாதவர்கள், இன்று எவருடைய விசேட அனுமதியுமின்றி, அயலவராக இருக்கின்றனர்.