வீட்டுக் கணக்கு

ஊரிலே வீடு என்பது பெரும்பாலும் கணக்குப் பார்த்து வாங்கும் பொருளாக இருந்ததில்லை. அது தாய்வழியே சீதனமாக வந்தது. இல்லையேல் கடல் கடந்து உழைத்தவர் அனுப்பிய பணத்தில் அறை அறையாக எழுந்தது. கடன் இருந்தாலும் அதன் உருவம் வேறு. காணியை ஈடு வைத்தவர் வட்டி கட்டினார். ஒற்றி வைத்தவரோ வட்டியே கட்டவில்லை; கடன் கொடுத்தவர் காணியை ஏற்று, அதன் விளைச்சலை வட்டிக்குப் பதிலாக அனுபவித்தார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் காணி திரும்பியது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706ஆம் ஆண்டில் தொகுத்து, 1707இல் சட்டமாகிய தேசவழமையில் இவ்வொற்றி முறைக்குத் தனியிடம் உண்டு. உள்ளூராட்சிக்குச் சோலைவரி கட்டவேண்டும். அது சிறுதொகை, கட்ட மறந்தோரும் பலர்.

ஆகவே, "வீடு வாங்கினால் மாதம் எவ்வளவு வரும்?" என்ற வினா எம்மவருக்கு டென்மார்க் மண்ணிலேயே பழக்கமாயிற்று. அதுவும் உடனே எழுந்த வினா அன்று. எமக்கு முன்னே வந்தோர் வீட்டை எண்ணுமுன் குடும்பம் வந்து சேரக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டில் தமிழ் அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்பட்டமையும், அவ்விவகாரத்தினால் 1993 தை மாதத்தில் பிரதமர் போல் சுளூற்றரின் அரசாங்கம் பதவி விலகியமையும் எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. இன்று நிலைமை வேறு. பிள்ளைகள் தமிழ் வகுப்பிலே இருக்கும் வேளையில், நடைபாதையில் தேநீருடன் நிற்கும் பெற்றோரின் பேச்சு வீட்டு விலையிலேயே வந்து முடிகிறது.

அப்பேச்சுகளில் நாம் கேட்கும் விடைகள் பெரும்பாலும் ஒரே வகையினவாக உள்ளன. "கடனுக்கு ஏழாயிரத்துச் சொச்சம். வாடகையை விடக் குறைவு." கடனுக்கு மட்டும் அது மெய்யாக இருக்கலாம், ஆயினும் வீட்டுக்கு அது மெய்யன்று. ஏன் என்பதைக் காட்டவே இக்கட்டுரை. மாணவச் செல்வங்களும் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நன்று. இது ஏழாம் வகுப்பு விழுக்காட்டுக் கணக்குத்தான்.

முதலிலே கடன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1795ஆம் ஆண்டில் கொப்பன்கேகன் நகரின் கணிசமான பகுதி தீக்கிரையாயிற்று. வீடுகளை மீளக் கட்டப் பெருந்தொகை தேவைப்பட்டது. தனியொருவரிடம் அத்தொகை இல்லை. ஆகவே 1797இல் ஓர் அடமானக் கடன் நிறுவனம் தோன்றியது. வீடுகளைப் பிணையாகக் கொண்டு கடன்பத்திரங்கள் விற்கப்பட்டன. பத்திரம் வாங்கியவரின் பணம் வீடு கட்டுபவரைச் சென்றடைந்தது. 1850இல் இதற்கெனச் சட்டமும் வந்தது. இன்றைய றியல்கிறெடிற் முறை அதன் வழித்தோன்றலே. நாம் வாங்கும் கடனுக்கு நிகரான பத்திரங்கள் சந்தையில் விற்கப்படுகின்றன. எமது வட்டி பத்திரக்காரருக்குப் போகிறது. இடையில் நிற்கும் நிறுவனம் தனக்கென ஒரு பங்களிப்புக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. எம்மவர் பலர் கணக்கில் சேர்க்காத முதலாவது தொகை இதுவே.

இனி ஓர் எடுத்துக்காட்டு. யூலண்டின் நடுப்பகுதியில் 2,000,000 குறோணர் விலையுள்ள ஒரு வீடு என்று கொள்வோம். விலையில் 5 விழுக்காட்டையாவது, அதாவது 100,000 குறோணரை, நாம் கைப்பணமாக வைத்தல் வேண்டும். 80 விழுக்காடு வரை, அதாவது 1,600,000, றியல்கிறெடிற் கடனாகப் பெறலாம். எஞ்சிய 300,000 வங்கிக் கடன். அதன் வட்டி கூடியது. பெரிய கடனை 30 ஆண்டுகளுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டியில் எடுத்தால் முதலும் வட்டியுமாக மாதம் 7,650 அளவில் வரும். பங்களிப்புக் கட்டணத்தை ஆண்டுக்கு 0.7 விழுக்காடு என்று வைத்தால் இன்னும் 930. வங்கிக் கடனை 20 ஆண்டுகளுக்கு 6 விழுக்காட்டில் எடுத்தால் 2,150. ஆக 10,730. நடைபாதையில் கேட்ட 'ஏழாயிரத்துச் சொச்சம்' ஏற்கெனவே பத்தாயிரத்தைக் கடந்துவிட்டது. வரி இன்னும் வரவில்லை.

வரிகள் இரண்டு. ஒன்று அரசுக்குரிய ஆதனப் பெறுமதி வரி. மற்றது கொம்யூனுக்குரிய நிலவரி. டெனிஷ் மொழியில் குறுண்ட்ஸ்கில்ட் என்பர். இவ்விரண்டும் 2024 தை 1 முதல் புதிய விதிப்படி கணிக்கப்படுகின்றன. அதற்கு முன் நிலவரி விகிதம் ஆயிரத்திற்கு 16 முதல் 34 வரை இருந்தது. ஆகவே பழைய நண்பரின் பழைய கணக்கைக் கேட்டுப் பயனில்லை. இப்பொழுது அரச மதிப்பீட்டின் 80 விழுக்காட்டுக்கே வரி. எமது எடுத்துக்காட்டில் மதிப்பீடும் விலையும் ஒன்றெனக் கொண்டால், 1,600,000 குறோணருக்கு 0.51 விழுக்காடு, ஆண்டுக்கு 8,160, மாதம் 680. நிலத்தின் மதிப்பு மட்டும் 500,000 எனின் அதன் 80 விழுக்காடு 400,000. கொம்யூன் ஆயிரத்திற்கு 10 அறவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4,000, மாதம் 333.

இங்கே ஒரு மயக்கத்தைக் குறிப்பிடவேண்டும். கொப்பன்கேகனில் 2024இல் நிலவரி விகிதம் ஆயிரத்திற்கு 5.1 மட்டுமே. "தலைநகரில் வரி பாதிதான்" என்று சிலர் வியப்பர். ஆனால் அங்கே நிலத்தின் மதிப்பு மிக உயர்ந்தது. நிலம் 2,500,000 பெறுமாயின் அதே குறைந்த விகிதத்தில் ஆண்டுக்கு 10,200 கட்டவேண்டும். விகிதத்தை மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்கே பார்க்கிறார்.

இன்னொன்று இதனினும் முக்கியமானது. முன்னர் நிலவரிக்குக் கொம்யூனிலிருந்து கட்டணச்சீட்டு வரும்; வயிற்றெரிச்சலுடனாவது அதனைக் காண்போம். 2024 முதல் அது முற்கூட்டிய வரிக்கணிப்பின் வழியே சம்பளத்திலிருந்து கழிக்கப்படுகிறது. சீட்டு வராததால் வரியே இல்லை என்று நினைப்பது எளிது. சம்பளம் மட்டும் சற்று மெலிந்து வந்து சேரும்.

சலுகைகளுக்கு வருவோம். முதலாவது, எல்லோருக்கும் உரிய வட்டிச் சலுகை. தம்பதியர் இருவருக்குமாக ஆண்டுக்கு 100,000 குறோணர் வரையிலான வட்டியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கும், அதற்கு மேற்பட்டதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கும் வருமான வரியில் குறைகின்றன. பங்களிப்புக் கட்டணமும் இதிலே அடங்கும். எமது எடுத்துக்காட்டில் இது மாதம் 2,500 குறோணரளவில் வரும். புதிய கடனை வரிக்கணிப்பிலே நாமே சரிபார்த்துப் பதிந்தால் அது மாதந்தோறும் சம்பளத்திற் சேரும். பதியாவிடில் அடுத்த ஆண்டின் வரி மீளளிப்பிலேதான் கைக்கு வரும். கடன் குறையக் குறைய வட்டியும், அதனோடு இச்சலுகையும் குறையும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது, வரித் தள்ளுபடி. புதிய விதியால் வரி கூடியவர்களுக்காக இது கொடுக்கப்பட்டது. ஆயினும் 2024 தை 1இற்கு முன்னரே வீட்டுக்கு உரியவராய் இருந்தோருக்கே இது உரியது; வீடு விற்கப்பட்டதும் தள்ளுபடி மறைந்துவிடும். விற்பவர் தாம் கட்டும் வரியைக் காட்டி, "பாருங்கள், எவ்வளவு சிறிய தொகை" என்று உண்மையாகவே சொல்லலாம். அது அவருடைய வரி, எம்முடையதன்று. விற்பனை அறிக்கையிலே வாங்குபவருக்குரிய வரி தனியே குறிக்கப்பட்டிருக்கும். அதனையே பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது சலுகையே அன்று. ஆண்டுதோறும் வரி உயரும்போது அவ்வுயர்ச்சி தானாகவே உறைநிலையில் வைக்கப்படும். நாம் வேண்டாம் என்று அறிவித்தால் அன்றி இது நடைபெறும். உறைந்த தொகை வட்டியோடு வளரும் கடன். வீட்டை விற்கும்போது தீர்க்கவேண்டும். முதியவருக்கு இது ஆறுதலாகலாம். இளந்தம்பதியர் ஏன் என்று கேட்டுப் பார்த்தே ஏற்கவேண்டும் என்பது எமது எண்ணம். உண்மையான பெருஞ்சலுகை கடைசியில்தான் இருக்கிறது: நாம் குடியிருந்த வீட்டை இலாபத்துக்கு விற்றால், காணி 1,400 சதுர மீற்றருக்கு உட்பட்டதாயின், அவ்விலாபத்துக்குப் பொதுவாக வரி இல்லை.

காப்புறுதி, குப்பை அகற்றல் ஆகியவற்றுக்கு 900 குறோணரும், வெப்பம், நீர், மின்சாரம் ஆகியவற்றுக்கு 2,800 குறோணரும், கூரையும் கொதிகலனும் பழுதாகும் நாளுக்கென 1,000 குறோணரும் சேர்த்தால், வட்டிச் சலுகை போக மாதம் 13,900இற்கு மேல் வருகிறது. நடைபாதை விடையின் இருமடங்குக்குச் சற்றே குறைவு.

2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நாமும் இக்கணக்கைச் சமையலறை மேசையிலே போட்டோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் விற்பனை அறிக்கையின் சொற்களை ஒவ்வொன்றாய் விளக்க, நாம் எண்களை எழுதினோம். வங்கி எமக்கென ஒரு வரவு செலவுத் திட்டம் அனுப்பியிருந்தது. அதிலே எமது மேலதிக நேர வேலையின் ஊதியமும் நிரந்தர வருமானமாய்ச் சேர்க்கப்பட்டிருந்தது. நாம் கேட்டதிலும் கூடுதலான தொகையைக் கடனாகத் தரலாம் என்றும் எழுதியிருந்தனர். குடும்பச் செலவுக்கு இவ்வளவு மிஞ்சுகிறது, போதும் என்பது அவர்தம் முடிவு. அது ஒரு டெனிஷ் குடும்பத்துக்குப் போதும். ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு அதிலே ஒரு வரியும் இல்லை. சீட்டுக்கு இல்லை. கோயிலுக்கும், பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும், திருமணங்களுக்கும், செத்த வீடுகளுக்கும் இல்லை.

"அப்பம்மாவின் மருந்துக் காசை எந்த வரியில் எழுதுவது?" என்று மகள் கேட்டாள். அடியிலே புதியதொரு வரி கீறினோம். பிறகு இன்னும் நான்கு வரிகள். மேலதிக நேர ஊதியத்தை முற்றாக வெட்டினோம். முடிவிலே நாம் விரும்பிய வீடு எமது கைக்கு எட்டாது என்று தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி, ஓர் அறை குறைந்த, பழைய சமையலறையுடைய வீடு எட்டியது. மகளின் முகம் சற்று வாடியது. குறைந்த அந்த அறை அவளுடையதாக இருந்திருக்கும். இப்பொழுது தங்கையோடு பகிர்ந்துகொள்கிறாள்.

சீட்டுப் பற்றி ஒரு சொல். சீட்டை எடுத்துக் கைப்பணமாக வைப்போர் எம்மிடையே உண்டு. பணத்தின் தோற்றுவாயை வங்கி கேட்கும்; எழுத்து மூலமான சான்று வேண்டும். அதனினும் பெரிது, எடுத்த சீட்டு பின்னர் மாதந்தோறும் கட்டவேண்டிய கடனாய் நிற்பது. வங்கியின் தாளிலே அது தெரியாது. எமது தாளிலே தெரிந்தாக வேண்டும்.

வட்டி நிலையானதா, மாறுவதா என்பது அடுத்த வினா. மாறும் வட்டி 2021இல் பூச்சியத்தை ஒட்டி நின்றது. 2023இல் 3 விழுக்காட்டைத் தாண்டியது. அவ்வாறு கடன் எடுத்திருந்தோருக்கு மாதக் கட்டணம் ஏறியது. ஒரு விழுக்காட்டு நிலையான வட்டியில் எடுத்திருந்தோருக்கோ விந்தையொன்று நிகழ்ந்தது. 2022இல் சந்தை வட்டி உயர, அவர்களது பத்திரங்களின் விலை 100இலிருந்து 80இற்குக் கீழேயும் வீழ்ந்தது. தமது கடனுக்குரிய பத்திரங்களை அக்குறைந்த விலையில் வாங்கிக் கொடுத்து, நூறு ரூபாய்க் கடனை எண்பதுக்குத் தீர்ப்பது போலத் தீர்க்க வழி இருந்தது. வட்டி வீழ்ந்தால் 100இற்கு மேற்கொடாமல் கடனை மாற்றவும் பொதுவாக உரிமை உண்டு. நாம் நிலையான வட்டியையே தெரிந்தோம். ஆலை வேலையில் சம்பளம் நிலையாயிருக்கும்போது கட்டணமும் நிலையாயிருத்தல் நல்லது எனக் கருதினோம். பத்திரம் 97இற்கு விற்கும் நாளில் 1,600,000 கைக்கு வர, ஏறத்தாழ 1,650,000 கடனாக எழுதப்படும் என்பதையும் கையொப்பமிடுமுன் கேட்டறிய வேண்டும்.

கையொப்பமிட்ட பின்னும் ஆறு வேலைநாட்கள் உண்டு. அதற்குள் மனம் மாறினால் விலையில் 1 விழுக்காட்டை விற்பவருக்குக் கொடுத்து விலகலாம். எமது எடுத்துக்காட்டில் அது 20,000 குறோணர். உறுதியைப் பதிய விலையில் 0.6 விழுக்காடும் ஒரு சிறு நிலையான கட்டணமும் அரசுக்குச் செல்லும். அடமானத்தைப் பதியத் தனிக் கட்டணம் உண்டு. இவையும் வீடு வாங்கும் நாளில் கையிலே இருக்க வேண்டியவை.

பதிவு முழுவதும் 2009 முதல் மின்வழியே நடைபெறுகிறது. கோப்றோ நகரில் உள்ள பதிவு நீதிமன்றம் அதனைப் பார்த்துக்கொள்கிறது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு ஓலையிலும் தாளிலும் இருந்தது. இது கணினியிலே இருக்கிறது. வீடு வாங்கிய செய்தியைத் தொலைபேசியில் அறிவித்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கேட்டது ஒன்றே: "உறுதியை எங்கை வைச்சிருக்கிறியள்?" தாளிலே உறுதி இல்லை என்பதை விளங்கப்படுத்த முயன்றோம். அவர் நம்பவில்லை. ஆகவே பதிவின் ஒரு படியை அச்சிட்டு, படம் எடுத்து அனுப்பினோம். இப்பொழுது அத்தாள் மகளின் பள்ளிச் சான்றிதழ்களோடு ஒரே கோப்பிலே இருக்கிறது.